மீதி மூன்று மார்க்

சட்டைக் கம்பெனியில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பதினோரு வருடமாகக் கடைசி மேஜையில் நின்று, தைத்து வந்த சட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவள். ஒரு தையல் விட்டிருந்தால் போதும், அந்த இடத்தைக் காட்டிச் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவாள். அம்பு விழுந்தது திருத்தப் போகும். தேறாதது கழிவுப் பெட்டிக்குப் போகும். தையல்காரிகள் வாய் ஓயாமல் அவளைத் திட்டினார்கள். திட்டட்டும், என் மேஜையைத் தாண்டிப் போனது ஒன்றாவது திரும்பி வந்திருக்கிறதா என்று கேட்பாள்.

வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் ஓயாது. ஒன்பதாவது படிக்கும் மகளின் நோட்டிலும் அம்பு ஒட்டினாள். ஒரு எழுத்து பிசகினால் மகள் பக்கத்தையே கிழித்துப் போட்டு முதலிலிருந்து எழுதினாள். “எம் பொண்ணு அப்படியே என்னை மாதிரி” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டாள். பெருமையாம் பெருமை.

போன வாரம் மகளுக்குக் கணக்கில் தொண்ணூற்றேழு மார்க். பேப்பரைக் கையில் வாங்கியவள், “மீதி மூணு எங்க போச்சு?” என்றாள். விளையாட்டுக்குக் கேட்டதாகப் பிறகு யாரிடம் சொல்லி என்ன?

ஞாயிற்றுக்கிழமை மகள் கொடியில் துணி போடக் கையைத் தூக்கியபோது அவளுடைய முழுக்கைச் சட்டையின் கை நழுவியது. முன்கையில் மூன்று காயங்கள். ஒவ்வொன்றையும் காட்டி ஒரு சிவப்பு அம்பு.

அவளுக்குத் தலைக்கேறிவிட்டது. “யாருடி பண்ணது? எந்த டீச்சர்? கைய ஒடிச்சுப் போட்டுடறேன்” என்று குதித்தாள்.

“யாருமில்லம்மா, நான்தான். தப்பு பண்ணா நெஞ்சை அடைக்குது. இப்படிப் பண்ணிக்கிட்டா கொஞ்ச நேரம் அடங்குது. அப்புறம் அதுவும் தப்பாத் தோணுது.” மகள் சட்டைக்கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “என்னைத் திருத்த முடியுமாம்மா, இல்ல கழிவுப் பெட்டிதானா?”

மறுநாள் பூதக்கண்ணாடி லீவு போட்டு மகளை மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாள். வழியெல்லாம் பள்ளிக்கூடத்தை வைதாள், பரீட்சையைக் கண்டுபிடித்தவனை வைதாள், மெதுவாகப் போன பஸ்ஸைக்கூட விடவில்லை.

டாக்டரம்மா மகளிடம் கேட்டார்: “எல்லாம் சரியா இருந்தாதான் உன்னைப் பிடிக்கும்னு யாரும்மா சொன்னது?”

மகள் தரையையே பார்த்தாள். இந்த நிலையிலும் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்கிறாளே என்று தாய்க்கு ஆத்திரம் பொங்கியது. இந்த முறை வைய வேறு ஆள் கிடைக்கவில்லை.

“நான்தான் டாக்டர்” என்றாள்.