கத்திரிப்பூ நிறத்தில் ஒரு ரகசியம்

வேம்பு தந்தி ஆபீசிலேயே தலை நரைத்தவர். மயிலாப்பூரில் யார் பாஸ், யார் ஃபெயில், எந்த மாமனார் காலமானார் என்பதெல்லாம் சம்பந்தப்பட்டவர்களுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். வெளியே மூச்சு விட்டதில்லை. அவரிடமிருந்து ஒரு ரகசியத்தைக் கறப்பதைவிடத் தெப்பக்குளத்தைக் கைக்குட்டையால் இறைத்துவிடலாம். ஆனால் கைமாறுகிற எதையும் எவனாவது படித்தே தீருவான் என்பது அவருக்கு நிச்சயம். தானே படித்தவராயிற்றே!

அப்படிப்பட்டவருக்கு ஓய்வு பெற்ற பிறகு சொந்தமாக ஒரு ரகசியம் முளைத்தது. மனைவி போய்ப் பல வருஷம். ஒரு துணை இருந்தால் தேவலை என்று தோன்றியது. வீட்டை ஆளுகிற தங்கை ஜானுவுக்கு, கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்ட அந்தக் கணக்கு டீச்சருக்கு, விஷயம் தெரிந்தால் மானம் போய்விடும். தரகரிடம் போனால் மாட வீதி நாலும் சிரிக்கும். ஆகவே, லஸ்ஸில் ஷரஃபுதீன் புதிதாகத் திறந்திருந்த பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தார்.

மூலைக் கம்ப்யூட்டரில் இரண்டு பிரவுசர்கள்; ஒன்றுக்கு நீல எழுத்துப் படம், இன்னொன்றுக்குக் கப்பல் சக்கரப் படம். நீல எழுத்தைத் திறந்து ஒரே ஒரு எழுத்தைத் தட்டினார். அவருக்கு முன்னால் உட்கார்ந்தவன் பார்த்த விலாசமெல்லாம் கடகடவென்று வரிசைகட்டி நின்றன.

"ஓட்டை வாயான்னா இருக்கு இது! அந்தக் கப்பல் சக்கரம் போட்டது எப்படி?"

"அத்த யாரும் தொடறதே இல்ல சார்," என்றார் ஷரஃபுதீன்.

"யாரோடது? என்ன வாங்கறான்?"

"ஃப்ரீ சார்."

"சும்மா குடுக்கறவன் நம்மகிட்டேர்ந்து எதை எடுத்துக்கறானோ?"

"உங்ககிட்ட இன்னா சார் கீது எடுக்க?"

வேம்பு கப்பலில் ஏறினார். அன்றிலிருந்து லைப்ரரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்து, வரன் பார்க்கும் இன்டர்நெட் பக்கத்தில் மணமகள் பெயர்களைத் தட்டித் தட்டிப் படித்தார். எல்லோரும் பாட்டுத் தெரிந்த தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரிகள்.

ஒருநாள், அவர் தொடவே தொடாத சேலத்து நர்ஸ் ஒருத்தியின் பெயர் மாத்திரம் நிறம் மாறியிருந்தது.

"ஷரஃபுதீன், சில பேர் நீலமா இருக்கு, சில பேர் கத்திரிப்பூவா இருக்கே?"

"தட்டிப் பார்த்த பேரெல்லாம் அப்டி கலர் மாறும் சார்."

வேம்பு கத்திரிப்பூக்களை எண்ணிப் பார்த்தார். இத்தனை நாளும் தன் ஆசைக்குச் சாயம் தோய்த்துக் கொடியில் அல்லவா காயப் போட்டிருக்கிறார்!

"இதுல வேற யார் உட்கார்றா?"

"இப்ப கொஞ்ச நாளா ஒரு அம்மா. அவங்களும் யாரோடது, ஏன் சும்மா குடுக்கறான்னு கேட்டு என்னைப் பேஜார் பண்ணாங்க."

அந்தக் கேள்வி எந்த வீட்டுக் கேள்வி என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. மணமகன் பக்கத்தைத் திறந்தார். அங்கேயும் கத்திரிப்பூ. அத்தனை பேரும் கணக்கு வாத்தியார்கள், சமைக்கத் தெரிந்தவர்கள்.

முதுகுக்குப் பின்னால் வளையல் சத்தம். காய்கறிப் பையோடு ஜானு!

"நீ எங்கடீ இங்கே?"

"உன் லைப்ரரியைப் பார்க்கலாம்னு வந்தேன்."

"எப்போலேர்ந்து தெரியும்?"

"பாடற தஞ்சாவூராப் பார்த்துத் தட்டினா வேற யாரா இருக்கும்? அந்தக் கும்பகோணம் வேண்டாம்ண்ணா. வயசு அம்பதாம், சர்வீஸ் நாப்பது வருஷமாம். கணக்கு உதைக்கறது. சேலத்து நர்ஸை நான்தான் உனக்காகத் தட்டிப் பார்த்தேன். பி.பி.யாவது பார்ப்பா."

வேம்பு திரையில் ஒரு கத்திரிப்பூப் பெயரைத் தொட்டுக் காட்டினார். "உன் திருச்சி வாத்தியாரை ஆத்துக்கு வரச் சொல்லி, ரசம் வெக்கச் சொல்லிப் பார்க்கலாமா?"

"மெதுவாப் பேசேன். ஷரஃபுதீன் காதுல விழுந்தா ஊருக்கே தெரிஞ்சுடும்."

ஷரஃபுதீன் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ரெண்டு பேரு பாக்கறதையும் ஆரம்பத்துலேர்ந்து பார்த்துக்கினுதானே கீறேன்? யார்கிட்டனா சொன்னேனா? ரசத்துக்கு மட்டும் என்னையும் கூப்டுங்க சார்."