கையை விரித்து நின்றவர்

எங்கள் கீழ்வீட்டு அண்ணைக்குக் கதவைத் தட்டும் பழக்கமே இருந்ததில்லை. பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில் பழைய மாடிக் கட்டடம். மனைவியை இழந்த அவர் கீழே தனியாக. நானும் கணவரும் மகளும் மேலே. கைப்பிடியைத் திருகுவார், உள்ளே நிற்பார். இடுப்பில் கட்டிய சாரத்துக்கு மேலே பனிக்கால ஜாக்கெட். நேரே போய்ப் பிரிட்ஜைத் திறந்து, “பிள்ளை, நேற்றையான் கறி ஏதும் கிடக்கே?” என்பார்.

இந்த ஊருக்கு வந்த புதிதில் நான் ஆங்கிலம் பழகியது ஒரு பழைய அமெரிக்கச் சிரிப்புத் தொடரைப் பார்த்துத்தான். இன்றைக்கும் நான் சமைக்கும்போது அது ஓடிக்கொண்டிருக்கும். அதில் ஒரு பக்கத்து வீட்டுக்காரன், கேட்காமல் கொள்ளாமல் கதவைத் தள்ளிக்கொண்டு வருவான். வந்த உடனே பதிவுசெய்த கைதட்டல் கேட்கும். ஒருநாள் அண்ணை அதைப் பார்த்துவிட்டு, “அட, இவன் என்னைப் போலையெல்லே வாறான்!” என்று துள்ளினார். அன்றிலிருந்து எங்கள் வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பார். மகள் ஓடிப்போய்க் கைதட்டினால்தான் உள்ளே வருவார். சும்மா சொல்லக்கூடாது, நானும் வயிறு நோகச் சிரித்திருக்கிறேன்.

போன வருடம் என் அலுவலகத்தில் சென்னையிலிருந்து இரண்டு பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். நறுவிசாக உடுப்பவர்கள். அவர்களும் அதே தொடரில் ஊறியவர்கள் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். அண்ணை சாரத்தோடு வந்து கையை விரித்தால் இவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

அன்று காலை அவர் தலையை நீட்டி, “பிள்ளை, ஜான்-டலோன் சந்தைக்குப் போறன். ஏதும் வேணுமே?” என்றார்.

“ரெண்டு கிலோ தக்காளி, அண்ணை.”

“ஓம், பேந்து பின்னேரம் கொண்டுவாறன்.”

இன்றைக்கு ஆட்கள் வருகிறார்கள், வராதீர்கள் என்று நேரே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. கணவரும் மகளும் நீச்சல் வகுப்புக்குப் போனார்கள். பெண்கள் வந்து சப்பாத்தைக் கழற்றி உள்ளே போனதும், சத்தமில்லாமல் உள்தாழ்ப்பாளைப் போட்டேன். அந்த நேரம் அது எனக்குப் பெரிய கெட்டித்தனமாகப் பட்டது.

இரண்டாவது பகுதி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கதவின் கைப்பிடி திரும்பியது. நின்றது. மறுபடியும் திரும்பியது.

“யாரோ வந்திருக்காங்க போல, அக்கா?” என்றாள் ஒருத்தி.

“சீச்சீ, பழைய கதவு. காத்துக்கு ஆடும்.”

படிகளில் காலடி மெல்ல இறங்கிப்போனது எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் திரையில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் பாய்ந்து வந்தான். கைதட்டல். “இந்த மாதிரி ஒருத்தர் நம்ம பக்கத்து வீட்ல இருந்தா செமையா இருக்கும்ல?” என்றாள் மற்றவள். நானும் வெட்கமில்லாமல் ஓம் என்றேன்.

அவர்கள் புறப்படும்போது கைப்பிடியில் ஒரு பை தொங்கியது. “இது யாருதுக்கா?” என்றாள் ஒருத்தி. வேறு யாருக்கோ வந்ததை மாறி வைத்திருக்கிறார்கள் என்றேன். அவர்கள் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் உள்ளே எடுத்தேன். தக்காளியோடு, நான் கேட்காத கொத்தமல்லிக் கட்டு ஒன்றும் இருந்தது. சீ, நானும் ஒரு மனுசியா என்று இருந்தது.

உடனே கீழே ஓடினேன். “கதவு பூட்டிக் கிடந்ததே, அண்ணை? நான் கவனிக்கேல்லை.” அங்கேயும் ஒரு பொய்.

“அதுக்கென்ன, பிள்ளை. சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆக்கள் வந்திருக்கினம் எண்டு விளங்கினது.” குரலில் கோபம் இல்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு நான் தாழ்ப்பாளைத் தொட்டதே இல்லை. ஆனால் அண்ணை இப்போது தட்டுகிறார். “திறந்துதான் கிடக்கு, வாங்கோ!” என்று நான் கத்தினாலும், போய்த் திறக்கும் வரை வெளியே நிற்கிறார். சாரமும் இல்லை, நீளக் காற்சட்டை. போன கிழமை மகள் கைதட்டத் தயாராக வாசலுக்கு ஓடினாள்.

“மாமா, ஏன் இப்ப கையை விரிக்கிறேல்லை?”

“அது ரீவியிலை வாறவனுக்குச் சரி, குஞ்சு. மாமாவுக்குச் சரிவராது.”

என்னைப் பாராமல் சொல்லிவிட்டு சோபா நுனியில் இருந்தார். நேற்றைய மீன்கறியை அவருக்கென்றே மிச்சம் வைத்திருந்தேன். அவர் பிரிட்ஜ் பக்கம் திரும்பவே இல்லை.