முதுகில் பொத்தான்

நசரத்பேட்டையில் பாஸ்கரனின் பெயின்ட் ஷெட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவள் நான். அந்த ஷெட்டில் ரேணுகாவுக்குக் கொடுத்த வேலை, பெயின்ட் படாமல் இருக்கக் கண்ணாடிகளுக்குப் பேப்பர் ஒட்டுவது மட்டும்தான். பாலிஷ் மிஷினைக் கேட்டால், "பொம்பளைக்கு மிஷின் இன்னாத்துக்கு?" என்பான் பாஸ்கரன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளோ காலையில் வந்ததும் வளையலைக் கழற்றி என் கல்லாவில் போடுவாள். புருஷனின் சட்டையைப் புடவைமேல் முன்பின்னாகப் போட்டுக்கொண்டு, முதுகில் என்னைப் பொத்தான் மாட்டச் சொல்வாள். வண்டிமேல் சாயும்போது பொத்தான் உரசினால் கீறல் விழுமாம். சட்டை போடத் தெரியாதவள் என்று ஷெட்டே கேலி பேசும்.

அன்றைக்கு உலகநாதனின் கறுப்புக் கார் பெயின்ட் முடிந்து நின்றது. பாரிவாக்கத்துக்காரர். மறுநாள் காலை திருவேற்காட்டில் வண்டிக்குப் பூஜை. கடைசியாக ஒரு தடவை துடைக்கிறேன் என்று பாஸ்கரன் பானெட்மேல் குனிந்தான். நிமிர்ந்தபோது, அவன் பெல்ட் பக்கிள் இழுத்த கோடு சாண் நீளத்துக்குப் பல்லை இளித்தது. ஐயோ, அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மறுபடி அடித்துக் காயவைக்க நேரமும் இல்லை.

"கீறல நான் எடுத்துத் தரேண்ணா. எடுத்துட்டா மிஷின் எனுக்குத்தான்" என்றாள் ரேணுகா.

"மேல கீற கண்ணாடிப் பூச்சு, அந்த கிளியர் கோட்டு பிச்சுகினு போச்சுன்னா?" என்றான் பாஸ்கரன்.

"நாளையிலேர்ந்து நான் வரல."

அவள் வீட்டில் அடுப்பு எரிவதே இந்த வேலையால்தான்.

பாஸ்கரன் ஒதுங்கி வழிவிட்டதும் ரேணுகா வாளித் தண்ணீரைத் துணியில் வடிகட்டினாள். ஒரு மணல் துகள் போதும், எல்லாம் கெட. வாட்டர் பேப்பர் என்னும் நைசான உப்புத்தாளை நனைத்து, அழுத்தாமல், நேர்நேராக இழுத்தாள். கோட்டைச் சுற்றிப் பாதி பானெட் வெளுத்துப்போனது. அந்த நேரம் பார்த்தா உலகநாதன் வர வேண்டும்?

"அடப்பாவிங்களா! இன்னா பண்ணி வச்சுகீறீங்க என் வண்டிய?"

"கொஞ்சம் உக்காருங்கண்ணா" என்று சொல்லிவிட்டு அவள் பானெட்டின் ஓரங்களில் டேப் ஒட்டினாள். மிஷின் பட்டால் ஓரத்தில்தான் பூச்சு முதலில் தேயும். பிறகு பாலிஷைத் தடவி மிஷினைப் போட்டாள். நான் கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, வழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெளுப்பு விலகி உள்ளிருந்து கறுப்பு எழும்பி வந்தது. கோட்டைக் காணோம்! எதிரே என் டீக்கடை அப்படியே பானெட்டில் தெரிந்தது. உலகநாதன் குனிந்து, அதில் பார்த்தே மீசையை முறுக்கிக்கொண்டார். நான் விசிலடித்தேன், வயசாவது ஒன்றாவது!

பாஸ்கரன் மறுநாள் காலை என் கடைக்கு வந்து முதுகைக் காட்டி நின்றான். இடுப்பில் பெல்ட் இல்லை. சட்டை முன்பின்னாக இருந்தது.

"அக்கா, பொத்தான் மாட்டி உடு."

"மிஷின் எங்கடா?"

"ரேணுகா கைல கீது. நான் போயி பேப்பர் ஒட்டணும், சீக்கிரம்க்கா."