தலையோடு திரும்பிய கண்கள்

நம்பாதவர்கள் லக்சாயினியின் கொப்பியைப் பார்க்கலாம். நடந்தவற்றுக்கு நேரம் போட்டு எழுதியிருக்கிறாள். தன்னையே நம்பாதவள், அதனால் எல்லாவற்றையும் எழுதி வைப்பாள்.

திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு மாடியில் அவளுக்கு மாலை வகுப்பு. செவிப் பரிசோதனை உதவியாளர் பயிற்சி. அந்த வியாழன், உட்காதிலிருந்து மூளைத்தண்டு வரை போகும் சமநிலை நரம்பை நீலப் பென்சிலால் வரைந்து, அங்கிருந்து கண்ணை அசைக்கும் நரம்புகளுக்குச் சிவப்புக் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாதை வேலை செய்தால், தலையைச் சட்டென்று திருப்பினாலும் கண் எதிரே இருப்பவரின் மூக்கிலேயே நிற்கும். அதைச் சோடியாகச் செய்து பார்க்க வேண்டும். அவளுடைய சோடி கிண்ணியா நஸ்ரின். செவ்வாய் வகுப்புக்கு வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

6.40. வெளியே மழை. நிமிர்ந்தபோது நஸ்ரின் எதிர்க் கதிரையில் இருந்தாள். கதிரை இழுத்த சத்தம் கேட்கவில்லை. உடுப்பு நனையவில்லை.

"செவ்வாய் எங்கயடி போனனீ?"

"வரத்தான் வெளிக்கிட்டனான்."

6.42. லக்சாயினி அவள் தலையைப் பிடித்தாள். குளிர்ந்தது. நித்திரை கொள்பவரின் தலை போலக் கனத்தது.

"என்ர மூக்கைப் பார்."

திருப்பினாள். கண்கள் தலையோடு போயின... பொம்மையில் வரைந்த கண்கள் போல.

கொப்பியில் எழுதினாள்: என் கைப் பிழை.

"இன்னொருக்காப் பார் புள்ள. ஆறுதலாப் பார்," என்றாள் நஸ்ரின்.

6.50. மறுபடியும் போயின. என் கைப் பிழை.

அப்போதுதான் கேட்டது. உஸ்... நான்கு செக்கன். உஸ்... நஸ்ரினின் மூச்சு. ஒரே அளவு.

மூன்றாம் தரம் பிடித்தாள். கண்கள் நிற்கவில்லை. கையை எடுக்கப் பார்த்தாள்.

ஏலவில்லை.

"சரியாத்தானே இருக்கு? சொல்லன், லக்சி."

"ஓம்... சரி."

உஸ்...

பிறகு இல்லை.

7.05.

"சோடியில்லாமல் ஆருக்குச் செய்யிறீங்கள், பிள்ளை?" பின்னால் வகுப்பெடுக்கும் சுகிர்தன் சேரின் குரல்.

கதிரை வெறுமையாக இருந்தது.

சனிக்கிழமை கிண்ணியாவில், நஸ்ரினின் தம்பி அப்ராஸ் ஆஸ்பத்திரிக் கடுதாசியை நீட்டினான். செவ்வாய், வகுப்புக்கு வரும் வழியில் பாலத்தில் மோட்டார் சைக்கிள் சறுக்கியிருக்கிறது. அதன் பிறகு மெசினில்தான் மூச்சு. மூளை இறந்துவிட்டதா என்று அறிய, வியாழன் இரண்டு தரம் தலையைத் திருப்பிக் கண்ணைப் பார்த்திருக்கிறார்கள்.

6.42. 6.50.

மெசினை நிறுத்தியது 7.05.

"ரெண்டு டொக்டர் பாத்தவங்க அக்கா," என்றான் அப்ராஸ். "பிழை வர வழியில்லையாம்."