துபாய் ஒயரும் அறுபது யூனிட்டும்

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை, காலை மணி பத்து இருபது. லேசான தூறல். பெய்கிறதா, பெய்வதாகப் பாவனை செய்கிறதா என்று முடிவுகட்ட முடியாத தூறல். தருமபுரி மழையை நான் அவ்வளவு சீக்கிரம் நம்புவதில்லை.

எங்கள் தெருவுக்குள் ஒரு மினி வேன் வந்து நின்றது. அதன் கூரையில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி, "பழைய பஞ்சு மெத்தையக் குடுங்க, புது ஃபோம் மெத்தைய வாங்குங்க" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. என்ன சொல்கிறது என்பதை நான் இரண்டாவதாகத்தான் கவனித்தேன். முதலில் கவனித்தது, அந்தப் பெண் குரலுக்கு அடிவயிறே இல்லாததை. மூக்கால் மட்டும் பேசியது. பதிவு செய்தவனைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும்.

"ஏங்க, அந்த நாலு மெத்தையும் கழட்டிக் குடுத்துரலாங்க" என்றாள் என் மனைவி சாந்தா. "உள்ள எலி குட்டி போட்டிருந்தாலும் நமக்குத் தெரியாது."

நான் கேட்டுக்குப் போனேன். பழைய மெத்தையை வைத்து நீங்கள் என்ன செய்வீர்கள், அதே பஞ்சை உறை மாற்றி வேறு ஊரில் விற்பீர்களா, ஃபோமுக்குள்ளே நிஜமாகவே ஃபோம்தான் இருக்கிறதா என்று கேட்டேன். வேன்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பெரியவரே, வூட்ல மெத்தை இருக்குதா இல்லீங்களா? அத மட்டும் சொல்லுங்க" என்றார். இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

திரும்பி வந்தால், அதற்குள் சாந்தா ஒன்றைச் சுவரிலிருந்து இறக்கிப் போட்டிருந்தாள். அறை முழுக்க வாசனை. பழைய பஞ்சின் வாசனையை உங்களுக்கு எப்படிச் சொல்வது? பருத்திக்கொட்டை எண்ணெயும், வெயிலில் காய்ந்த துணியும், கொஞ்சம் தூசும். அத்துடன் ஒரு ஆளின் வாசனையும் சேர்ந்தே வந்தது. அவர் சட்டைப் பையில் எப்போதும் கிராம்பு இருக்கும்.

சுவரிலிருந்து என்று சொன்னேன் அல்லவா, நீங்கள் சிரிக்கலாம். அந்த மெத்தைகளில் இன்றுவரை யாரும் படுத்ததில்லை. வாங்கிய நாளிலிருந்து என் முன்னறைச் சுவரில் நின்றபடியே இருக்கின்றன. காரணம் என் பைத்தியம்.

எனக்குக் குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. பாட்டுக் கேட்கும் பழக்கம் என்று சொல்வார்கள், அதுவும் சரியில்லை. நான் கேட்டது பாட்டை அல்ல, சத்தத்தை. நாகசுரக்காரர் மூச்சு வாங்குவது கேட்கிறதா, தவில்காரர் விரலில் போட்ட கூடு தோலில் படுவது தனியாகக் கேட்கிறதா, பின்னால் யாரோ செருமியது இடப்பக்கமா வலப்பக்கமா என்பதுதான் என் கவலை. ராகம் என்னவென்று கேட்டால் விழிப்பேன். பெங்களூரில் ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெளிநாட்டுக்காரரிடம் வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்கினேன். பீரோ உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள், அங்கே தக்காளி இறக்கிவிட்டுப் பாலக்கோட்டுக்குத் திரும்பிய லாரியில் வந்து சேர்ந்தன. ஒரு மாதம் வரை என் வீட்டில் வீணைக்குத் தக்காளி வாசம் அடித்தது.

சம்பாத்தியம் எப்படி என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், ஆனால் நினைப்பீர்கள். ஆகவே சொல்லிவிடுகிறேன். மின்சார அலுவலகத்தில் கணக்கீட்டாளர். வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து, அட்டையில் எழுதிவிட்டு வருகிறவன். அந்த வேலை ஒரு மனிதனின் கண்ணைக் கெடுத்துவிடும். பார்வையைச் சொல்லவில்லை, பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன். மீட்டர் பக்கத்தில் சாமி காலண்டர் தொங்கினால் மற்றவர்கள் கும்பிடுவார்கள். நான் அதைத் தூக்கி, பின்னால் திருட்டு மின்சாரத்துக்குக் கொக்கி ஒயர் போகிறதா என்று பார்ப்பேன். இன்றைக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் காலண்டரிடம்தான் முதலில் போகிறேன். சாந்தா என் சட்டையைப் பிடித்து இழுப்பாள்.

அந்த வேலையால் ஒரு லாபமும் உண்டு. எந்த நேரத்தில் மின்சாரம் சுத்தமாக வரும் என்பது எனக்குத் தெரியும். கிணற்று மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் தள்ளாடும், பாடகருக்கு ஜலதோஷம் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டிலிருந்து நான்கு வரைதான் நல்ல நேரம். பஞ்சாங்கத்தில் இருக்காது, நம்பலாம்.

மின்சாரம் சரி, கருவி சரி, அறைதான் சரியில்லை. கையைத் தட்டினால் இரண்டு கைதட்டல் கேட்டது. சுவரில் பஞ்சு மெத்தை மாட்டினால் எதிரொலி போகும் என்று எங்கோ படித்துவிட்டுக் கடைத்தெருவில் சலீம் பாயின் மெத்தைக் கடைக்குப் போனேன்.

"ஆறடிக்கு மூணடி. நாலு வேணும். கனம் ரெண்டு இஞ்சு போதும்."

"ரெண்டு இஞ்சுங்களா? முதுகு ஒடிஞ்சிருங்க சார்."

"படுக்க இல்ல பாய். சுவத்துல மாட்ட."

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏங்க சார், சுவத்துக்கு முதுகு வலிங்களா?"

மெத்தைகளை அவரே வண்டியில் வைத்துக் கொண்டுவந்தார். முதலாளியே ஏன் வருகிறார் என்று எனக்கு உறுத்தியது. மாட்டி முடித்ததும் கையைத் தட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு கைதட்டல். ஒரு ரிக்கார்டைப் போட்டேன். பாய் நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஒரு பக்கம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "அந்த மிருதங்கக்காரரு வாயில வெத்தல போட்டிருக்காருங்க சார்."

"அது எப்படிங்க தெரியும்?"

"கேக்குதுங்களே."

கேலி செய்கிறாரா, நிஜமாகவே கேட்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அன்று இரவு அதே பக்கத்தை மூன்று தடவை போட்டுக் கேட்டேன். தெரிந்துகொள்வதற்காகவே அடுத்த ஞாயிறு அவரை வரச் சொன்னேன். ஆறு வருடம் வந்தார். எதிலும் நாங்கள் ஒத்துப்போனதில்லை. நான் சத்தத்தைக் குறைத்தால் அவர் கூட்டுவார். "நீங்க தொட்டீங்க", "நான் தொடலீங்க" என்று சிறு பிள்ளைகள் மாதிரிச் சண்டை. சாந்தா உள்ளேயிருந்து, "ரெண்டு பேரும் வெளிய போயி அடிச்சுக்கோங்க, சீரியல் கேக்கல" என்பாள். அவளை அக்கா என்று அவர் கூப்பிடுவார். அவரை அண்ணே என்று அவள் கூப்பிடுவாள். யார் மூத்தவர் என்பதிலும் ஒப்பந்தம் இல்லை.

ஒரு ஞாயிறு பாய் ஒரு துணிப்பையோடு வந்தார். உள்ளே ஸ்பீக்கர் ஒயர். மோதிர விரல் தடிமன், கண்ணாடி போன்ற மேல்தோல், உள்ளே வெள்ளி நிறத்தில் முறுக்கு.

"மச்சான் துபாய்ல இருந்து வந்திருக்காருங்க. உங்களுக்குன்னு சொல்லிக் கொண்டாரச் சொன்னேன்."

"என்ன வெல?"

"வெல எதுக்குங்க சார்? ஆறு வருசமா ஓசியில கேட்டுட்டுப் போறேன்."

அந்த ஒயரை நான் கையில் வாங்கவில்லை. மேசை மேல் வைக்கச் சொன்னேன். ஒரு கணக்கீட்டாளனுக்கு யாரும் சும்மா எதையும் தருவதில்லை. பூசணிக்காய் வந்திருக்கிறது, மாம்பழக் கூடை வந்திருக்கிறது. பென்னாகரம் பக்கத்தில் ஒருவர் என் சைக்கிளில் ஆட்டுக்குட்டியையே கட்டிவிட்டுப் போனார். எல்லாவற்றையும் திருப்பி அனுப்பியவன் நான். ஆட்டுக்குட்டியை அனுப்பத்தான் பெரும்பாடு பட்டேன்.

அதே வாரம்தான் அடுத்த மாதத்திலிருந்து கடைத்தெரு என் பொறுப்புக்கு வருகிறது என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். பாய் கடை மீட்டர் அட்டை ஆணியில் தொங்குவதை நான் முன்பே பார்த்திருந்தேன், கண் தானாகப் போகும். இரண்டு மாதத்துக்கு அறுபது யூனிட். ஒரு டியூப் லைட்டும் ஒரு ஃபேனும் ஓடினாலே அவ்வளவு ஆகும். பஞ்சு அடிக்கும் மெஷின் எந்தக் கணக்கில் ஓடுகிறது? அறுபது யூனிட்டையும் துபாய் ஒயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காலண்டருக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று பட்டது.

நேராகக் கேட்பது எங்கள் தொழில் வழக்கம் அல்ல. ஆகவே ஒரு சோதனை வைத்தேன். ஒயரால் சத்தம் நிஜமாகவே மாறினால், அது விலையுள்ள பொருள், காசு கொடுத்துவிட வேண்டும். மாறாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் நான் சுத்தம். ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் ஒரு போர்வையைக் கட்டி, அதற்குப் பின்னால் சாந்தாவை உட்கார வைத்தேன். நான் 'மாத்து' என்றதும் அவள் பழைய ஒயரைக் கழற்றித் துபாய் ஒயரைப் போட வேண்டும். அடுத்த தடவை அதைக் கழற்றிப் பழையது. எப்படிக் கழற்றுவது என்று காட்டிக்கொடுத்தேன். அவள் ஒரு முறத்தில் மொச்சைக்காயோடு உள்ளே போனாள்.

"மாத்து."

"ம்."

பாய் கண்ணை மூடினார். "இது துபாய்ங்க சார். வெத்தலையத் துப்பிட்டு வந்துட்டாரு."

எனக்கும் கேட்டது. திரைச்சீலை விலகியது போல இருந்தது. மறுபடி மாற்றச் சொன்னேன், திரைச்சீலை விழுந்தது. எட்டுத் தடவை. எட்டுத் தடவையும் பாயும் நானும் ஒரே பதிலைச் சொன்னோம். ஆறு வருடத்தில் முதல் முறையாக ஒத்துப்போனோம். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

போர்வையை விலக்கினேன். பழைய ஒயர் போட்ட இடத்தில் போட்டபடி இருந்தது. துபாய் ஒயர் முறத்தடியில் சுருண்டு கிடந்தது. மொச்சை பாதிக்கு மேல் உரித்தாகிவிட்டது.

"என்ன சாந்தா, மாத்தவே இல்லையா?"

"உள்ள அடுப்பு மாதிரி எரியுதுங்க அந்த ஆம்ப்ளிஃபயரு. போன மாசம் தூசி தட்டப் போயி ஷாக் அடிச்சது மறந்துபோச்சா? நான் ம்முன்னு சொல்லச் சொல்ல ரெண்டு பேரும் ஆகா ஓகோன்னீங்க. நல்லா இருக்கறத எதுக்கு மாத்தணும்?"

பாய் தரையில் கையூன்றிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அக்காதாங்க சார் நல்ல ஒயரு! அந்த ஒயரு எனக்கெதுக்கு, மாடு கட்டக்கூட ஆகாது, நீங்களே வெச்சுக்கோங்க."

நான் சிரிக்கவில்லை. தன் பொருள் ஒன்றுமில்லை என்று ஆன பிறகு ஒரு வியாபாரி இப்படிச் சிரிப்பாரா? காசு போட்டு வாங்கியவர் சிரிப்பாரா? அப்புறமும் ஏன் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்?

"பாய், ஒண்ணு கேக்கறேன். தப்பா நெனைக்கக் கூடாது."

"கேளுங்க சார்."

"உங்க கடையில ரெண்டு மாசத்துக்கு அறுபது யூனிட்டுதான் ஓடியிருக்குது. பஞ்சு அடிக்கிற மெஷினு எந்த லைன்ல ஓடுது?"

மொச்சை உரிக்கும் சத்தம் நின்றது. பாயின் சிரிப்பு உடனே போகவில்லை. கடை அடைத்தது தெரியாமல் வந்த ஆள் மாதிரி கொஞ்ச நேரம் முகத்தில் நின்றுவிட்டுப் போனது.

"எங்கிட்ட மெஷினு ஏதுங்க சார்?" என்றார். "அப்பா காலத்து வில்லுதான். பின்னாடி கொட்டாயில என் தம்பி கையாலதான் அடிக்கிறான். நீங்க அளவு சொன்னப்பகூட அடிச்சுக்கிட்டுதான் இருந்தான். டொய்ங் டொய்ங்குன்னு கேட்டிருக்குமே உங்களுக்கு."

கேட்டிருந்தது. அந்தக் கடைக்கு எத்தனை தடவை போனேனோ அத்தனை தடவையும் கேட்டிருந்தது. பக்கத்தில் தச்சுப் பட்டறை என்று நினைத்திருந்தேன்.

"அப்ப இந்த ஒயரு…" என்று ஆரம்பித்தார் பாய். ஒயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அண்ணே, காப்பி போடறேன், உக்காருங்க" என்று சாந்தா எழுந்தாள். உட்கார்ந்தார். குடித்தார். நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறும் வந்தார், அதைச் சொல்ல வேண்டும். ஆனால் தரையில் உட்காரவில்லை. நாற்காலி நுனியில், அலுவலகத்தில் முறை வரக் காத்திருப்பவர் போல உட்கார்ந்தார். சத்தத்தை நான் வேண்டுமென்றே குறைத்தேன். அவர் கூட்டவில்லை. "மிருதங்கம் எப்படி இருக்குது பாய்?" என்றேன். "நல்லா இருக்குதுங்க சார்" என்றார். அப்படியே சில ஞாயிறுகள். எழுந்து போகும்போது ஒரு நாள், "ஒயருக்கு வெல கேட்டிருந்தீங்களே சார், மச்சான்கிட்ட விசாரிச்சேன்" என்று ஒரு தொகை சொன்னார். வேண்டாம் என்பார், பாதியாவது வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்துத்தான் பீரோவைத் திறந்தேன். வாங்கி, எண்ணாமல் கிராம்பு இருந்த சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எண்ணாமல் காசு வாங்கும் வியாபாரியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

"அண்ணங்கிட்டப் போயி ரெய்டு வந்த ஆளு மாதிரி கேட்டீங்க" என்று சாந்தா இன்றைக்கும் சொல்கிறாள். நான் ஒப்புக்கொள்வதில்லை. அறுபது யூனிட்டைப் பார்த்த கணக்கீட்டாளன் கேட்கத்தான் வேண்டும். இன்னாரிடம் கேட்கக் கூடாது என்று சட்டத்தில் விதிவிலக்கு இல்லை.

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். பாய் மகனோடு பெங்களூர் போய்விட்டதாக அவர்கள் சொன்னார்கள், அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று தெரியவில்லை. கொட்டகை இடிந்துவிட்டது. ஆணியில் தொங்கிய மீட்டர் அட்டைகள் போய், கட்டணம் போனுக்கு வருகிறது. என் ஆம்ப்ளிஃபயருக்கு நல்ல வால்வு கிடைப்பதில்லை, கிடைப்பவை போலியோ என்று பயம். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு இப்போதும் மின்சாரம் சுத்தமாகத்தான் வருகிறது. கருவியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால், சத்தம் சரியாக இருக்கிறதா, எனக்குத்தான் அப்படிக் கேட்கிறதா என்பதைச் சொல்ல இந்த ஊரில் ஒருவரும் இல்லை. இல்லை என்று மறுக்கக்கூட ஆளில்லை. துபாய் ஒயரைத்தான் போட்டிருக்கிறேன். அதனால் ஏதாவது மாறியதா என்பது இன்றுவரை தெரியவில்லை. நான் கொடுத்தது நான்காயிரத்து இருநூறு ரூபாய்.