ஒட்டாத நாக்கு

முந்திரிப்பழத்தைக் கடித்ததும் முதலில் தித்திப்புதான். சாறு முழங்கை வரை ஒழுகும். இரண்டாவது கடியில் நாக்கு தடித்துப்போய், கன்னத்தின் உட்பக்கம் சுருங்கி, பல்லை நாக்கால் தடவினால் வழவழப்பே இல்லாமல் பூசாத சுவரைத் தடவுவதுபோல் 'சொரசொர'வென்று இருக்கும். எச்சிலை வழுக்கலாக வைத்திருக்கிற சத்தைத் துவர்ப்பு பிடித்துத் திரித்துவிடுகிறது. பல்மேல் எப்போதும் படிந்திருக்கும் மெல்லிய எச்சில் படலமும் அதோடு சேர்ந்து கெட்டுப்போகிறது. இதையெல்லாம் இன்று பள்ளியில் நானே பாடமாக நடத்துகிறேன். ஆனால் பத்து வயதிலேயே, எந்தப் புத்தகமும் படிக்காமல், இதை வைத்து ஒருத்திக்குக் கெடுதல் செய்தவள் நான்.

அந்த ஒருத்தி செல்வி, என் சித்தி மகள், என் வயதுதான். முழுப்பரீட்சை லீவு விட்டதும் திட்டக்குடியிலிருந்து பஸ் ஏறி விருத்தாசலத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அம்மா பீங்கான் பொம்மைப் பட்டறை ஒன்றில், பளபளப்புக்காகப் பூசுகிற 'கிளேஸ்' பாலைக் கரைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சூடு மட்டும் கண்ட, கிளேஸ் ஏறாத பொம்மைக்கு அங்கே 'பிஸ்கட்டு' என்று பேர். பாலில் முக்குவதற்கு முன்னால் அதை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். ஈரத்தை உறிஞ்சி நாக்கை இழுத்துப் பிடித்தால் பாலைத் தண்ணியாகக் கரைக்க வேண்டும், ஒட்டாவிட்டால் கெட்டியாக. அம்மாவோ ஓயாமல் வெற்றிலை போடுகிறவள். "பாக்கு போட்டுப் போட்டு என் நாக்கு மரத்துப்போச்சுடி" என்று சொல்லி அவள் கூப்பிட்டது என்னை இல்லை, செல்வியை.

"நீ எதை வெச்சாலும் ஒட்டுதுன்னுதான் சொல்லுவ. அவ நாக்கு சொன்னா கரெக்ட்டா இருக்கும்" என்று பட்டறைப் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் அம்மா சொல்வாள். பெற்றவள் என்னுடையவள், நாக்கு மட்டும் அவளுடையதா? செல்வி கண்ணை மூடிக்கொண்டு, நுனிநாக்கை நீட்டி, "நல்லா ஒட்டுது பெரியம்மா" என்று சொல்கிற அழகைப் பார்க்கப் பார்க்க அந்த நாக்கைப் பிடித்து இழுத்துவிடலாமா என்றிருக்கும்.

துவர்த்த நாக்குக்கு ஒட்டுவது தெரியாது; அதனால் நாக்கு வைக்கிற நாளில் துவர்ப்பாக எதையும் தின்னக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. ஒருநாள் காலையில் நான் செல்வியை முந்திரித் தோப்புக்கு அழைத்துப் போனேன். "இன்னிக்கு சூளை பிரிக்கல, நாளைக்குத்தான்" என்று கூசாமல் பொய் சொல்லி, சரியாகப் பழுக்காத, துவர்ப்பு மிகுந்த பழங்களாகப் பொறுக்கி உப்புத் தொட்டுக் கொடுத்தேன். நான்கு தின்றாள் பாவி. திரும்பிப் பட்டறைக்குப் போனால், சூளை பிரித்துக் கிளிப் பொம்மைகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள்.

செல்விக்கு முகம் செத்துவிட்டது. குழாயடிக்கு ஓடி இரண்டு மூன்று தடவை வாய் கொப்பளித்தாள். அந்தத் துவர்ப்பு தண்ணீருக்கெல்லாம் அசையாது. "ஏதாச்சும் தின்னியாடி?" என்று அம்மா கேட்டாள். செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "இல்ல பெரியம்மா" என்று சொல்லிவிட்டு, கிளியின் முதுகில் நாக்கை வைத்து, "ஒட்டல" என்றாள்.

அம்மா பாலைக் கெட்டியாகக் கரைத்தாள். இரண்டாம் சூட்டில் வெந்து வந்த கிளிகளுக்குக் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. கிளேஸ் தடித்து வழிந்து, சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்டு நின்றன. முதலாளி அம்மாவை வாய்க்கு வந்தபடி பேசினார். அம்மா செல்வி பக்கம் திரும்பி, "உன்னை நம்புனதுக்கு நல்லா செஞ்சடி. இனிமே நாக்கை நீட்டிக்கிட்டு வராத" என்றாள். செல்வி அழவும் இல்லை, என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை. மறுநாளே திட்டக்குடிக்குக் கிளம்பிவிட்டாள். அதற்குப் பிறகு எந்த லீவுக்கும் வரவில்லை. அடுத்த சூளைக்கு அம்மா என்னைக் கூப்பிட்டாள். ஐயோ, எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இப்போது அந்தப் பட்டறையில் யாரும் நாக்கை நீட்டுவதில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, எவ்வளவு நேரத்தில் உறிஞ்சுகிறது என்று பார்த்துவிடுகிறார்கள். தோப்பு இருந்த இடத்தில் மனை போட்டாகிவிட்டது. பாக்குக் கறை படிந்த அம்மாவின் பற்கள் ஒவ்வொன்றாக விழுந்துவிட்டன. போன மாதம் அவளுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது, மனசு கேட்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அப்பவே தெரியும்" என்றாள் அம்மா. "உன் பாவாடையெல்லாம் முந்திரிச் சாறு. நான்தான தொவச்சேன், போகவேயில்ல."

"அப்புறம் ஏம்மா அவளைத் திட்டுன?"

"அவ தாங்கிக்குவா. நீ தாங்க மாட்டியே."

என்னைக் காப்பாற்றத்தான் அம்மா அப்படிச் செய்திருக்கிறாள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், இல்லை செல்விக்காக அழுதிருக்க வேண்டும். இரண்டும் வரவில்லை. அன்று பட்டறையில் அவள் நாக்கை மெச்சிய அதே குரலில், அவ தாங்கிக்குவா என்று அம்மா சொன்னதைக் கேட்டதும், இத்தனை வயசுக்கு மேலும், செல்விமேல் எனக்குப் பொறாமைதான் வந்தது.