கேட் சாவி ஒருத்தி, கதவுச் சாவி ஒருத்தி

கௌரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஏற்காட்டில் காட்டேஜ் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். தலையணை உறையால் சேற்று ஷூவைத் துடைத்த ஒரு விருந்தாளியிடம், "ஏனுங்க, உங்க ஊட்லயும் இப்பிடித்தான் தொடைப்பீங்களா?" என்று கேட்டு, அந்த உறையை அவர் கையிலேயே கொடுத்துத் துவைக்க வைத்தவள். அவர் புகார் எதுவும் சொல்லவில்லை. போகும்போது நன்றி சொல்லிவிட்டுப் போனார், பாவம்.

கொட்டச்சேட்டில் எஸ்டேட் கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீட்டில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் காப்பிப் பழம் பறித்தவர்கள். கூலிக் கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் தன் அப்பாவை "ஏய்" என்று கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டே, அந்த வேலைக்கு மட்டும் போவதில்லை என்று சின்ன வயதிலேயே முடிவு கட்டிவிட்டாள். வாழவந்திக்காரர் பொன்னுவேல், வெளியூர்க்காரர்களின் காட்டேஜ்களைப் பார்த்துக்கொள்ளும் தொழிலைத் தொடங்கியபோது அவரிடம் முதல் ஆளாகச் சேர்ந்தவள் இவள்தான். கூட்டுவது, விரிப்பு மாற்றுவது, குழாய் ஒழுகினால் ஆள் அனுப்புவது எல்லாம் அந்தக் கம்பெனியின் வேலை. இன்றைக்கு அங்கே சூப்பர்வைசர் என்றால் கௌரி, சாவிப் பலகை என்றால் அதுவும் கௌரி.

அந்தச் சாவி விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அங்கே எந்த வீட்டுக்கும் பெண்கள் ஒற்றையில் போவதில்லை, ஜோடியாகத்தான் போவார்கள். காலையில் ஆபீஸ் வாசலில் நின்று கௌரி சாவி கொடுப்பாள். கேட் சாவி பெரியவள் கையில், கதவுச் சாவி சின்னவள் கையில். ஒன்று இல்லாமல் மற்றது உதவாது. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கு அந்த வீடு திறக்காது, அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்கள் ஏன் என்று கேட்டால், "காட்டெருமை நிக்கும் கண்ணு, ஒத்தையில போனா ஆகாது" என்பாள். தன் இடது முழங்கையில் இருக்கும் நீளத் தழும்பையும் காட்டுவாள். வயசுப் பிள்ளையாக இருந்தபோது எருமை துரத்தி விழுந்த தழும்பு அது என்று ஊருக்கே தெரியும். எருமைக்குப் பயந்து இருவராகப் போகலாம், சரி, சாவியை எதற்குப் பிரிக்க வேண்டும் என்று ஒருத்தியும் கேட்டதில்லை. கௌரியிடம் குறுக்குக் கேள்வி கேட்க யாருக்குத் துணிச்சல்?

பொன்னுவேலுக்கு முட்டி போனதும் அவர் சேலத்தில் மகள் வீட்டோடு தங்கிவிட்டார். தொழில் மகன் கோகுலிடம் வந்தது. கோகுல் நல்ல பையன், அதிர்ந்து பேச மாட்டான். எரிச்சலே அதுதான். கத்துகிறவனிடம் கத்தலாம், "அக்கா, ஒரு நிமிஷம்" என்று சிரிக்கிறவனிடம் என்ன செய்வது?

அவன்தான் அந்தப் புது சாஃப்ட்வேரைக் கொண்டுவந்தான். அதுவரை எல்லாம் வாட்ஸப் குரூப்பிலும் சுவரில் மாட்டிய வெள்ளைப் பலகையிலும் கௌரியின் மண்டைக்குள்ளும் நடந்தது. ஒருமுறை தண்ணீர்த் தொட்டி உடைந்த செய்தி, காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே மூழ்கிப்போய், ஒரு வீட்டின் மெத்தையெல்லாம் நனைந்தது. ஆகவே இனிமேல் ஒவ்வொரு வேலையும் ஒரு கார்டு, அதைப் போனில் பார்க்கலாம், முடிந்ததும் ஒரு பொத்தானை அழுத்தினால் பச்சையாகிவிடும் என்று கோகுல் விளக்கியபோது, கௌரிக்கே அது பிடித்துத்தான் இருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும். வெள்ளைப் பலகையில் இருந்ததையெல்லாம் அவளே உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றினாள்.

ஏற்றும்போதே ஒரு இடம் இடித்தது. ஒவ்வொரு கார்டிலும் 'பொறுப்பாளர்' என்று ஒரு கட்டம். அதில் ஒரு பெயர்தான் நின்றது.

"தம்பி, ரெண்டு பேரு போறாங்களே, ஒரு பேரு தானுங்க ஏறுது?"

"யாராவது ஒருத்தர் பேரைப் போடுங்கக்கா, போதும். அப்புறம் பார்த்துக்கலாம்."

ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டது அந்த இடத்தில்தான். யார் பெயரைப் போடுவது என்று அவள் பெண்களைக் கேட்டாள். கரடியூர் சிவசக்திதான் முதலில் வாயைத் திறந்தாள். அவள் பாவாயியோடு ஜோடி போகிறவள்.

"பாவாயம்மா இருக்கறப்ப எம் பேரப் போட்டா நல்லாவாங்க்கா இருக்கும்? கல்யாணப் பத்திரிகையில கூட மூத்தவங்க பேருதானுங்க மொதல்ல."

மற்ற சின்னவர்களும் அதையே சொன்னார்கள். கௌரிக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இந்தக் காலத்துப் பெண்களுக்கு இவ்வளவு மரியாதை இருக்கிறதே என்று எல்லா ஜோடிக்கும் மூத்தவள் பெயரைப் போட்டாள். மூத்தவர்களுக்குப் போன் பிடிபடவில்லை. அதனால் வேலை முடிந்ததும் பொத்தானை அழுத்தியதெல்லாம் சின்னவர்கள். அழுத்தியது சிவசக்தியின் விரல், பச்சையானது பாவாயியின் பெயர்.

மாதம் முடிந்தது. ஒரு நாள் காலையில் பெண்கள் சாவிக்காக வாசலில் நிற்கும்போது கோகுல் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, ரிப்போர்ட் வந்திருக்கு. பாவாயம்மாதான் ஃபர்ஸ்ட். சூப்பர்! ஆனா இந்த அஞ்சு பேர் பேர்ல ஒரு வேலைகூட இல்லையேக்கா. இவங்களை இந்த வாரத்தோட நிறுத்திக்கலாமா?"

ஐந்து பேரும் சின்னவர்கள். முதல் பெயர் சிவசக்தி. அவள் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் வீடு திரும்ப முடிகிற வேலை அந்த மலையில் அவளுக்கு வேறு எதுவும் இல்லை. காப்பிப் பறிப்புக்குப் போனால் இருட்டிவிடும். அவள் முகம் செத்துப்போனதை கௌரி பார்த்தாள். கோபம் உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது.

"ஏனுங்க தம்பி, கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது உங்களுக்கு? தெனமும் காலையில இவங்க போறத நீங்க பாக்கல? அந்தப் பொட்டி சொன்னாத்தான் ஆளுங்களா?"

பெரியவர்கள் பெயரைப் போட்ட கதையை மூச்சு விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்லத் தன் மேலும் கோபம் வந்தது. பெருமைப்பட்டு உட்கார்ந்து ஏற்றியவள் இவள்தானே.

கோகுல் உடனே, "அய்யோ, சாரிக்கா, தப்பு என்னோடது" என்றான். அந்தக் கணமே ஒவ்வொரு கார்டையும் இரண்டாகப் பிரித்து, பாதி மூத்தவளுக்கும் பாதி சின்னவளுக்கும் என்று மாற்றினான். ஐந்து பெயர்களுக்கு எதிரிலும் பச்சை முளைத்தது. சிவசக்திக்கு மூச்சு வந்தது. ஆனால் கோகுல் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இப்போ எல்லாருக்கும் பாதி வேலைதானே காட்டுதுக்கா. அப்படின்னா ஒரு வீட்டுக்கு ஒருத்தர் போதும் போல இருக்கே. பெரியவங்களை நிறுத்தறதா, சின்னவங்களை நிறுத்தறதா? நீங்களே சொல்லுங்க."

இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அது இதுதான். மறைத்தாலும் வெட்டு, காட்டினாலும் வெட்டு. வெட்டுகிற கத்தியை வேறு இவள் கையில் கொடுக்கிறான்.

"ஒத்தையில எப்பிடிங்க போவாங்க? எருமை நிக்குமுங்க."

"அதுக்குத்தான் ஆட்டோ ஏற்பாடு பண்ணிடலாம்கா. வாசல்லயே இறக்கிவிட்டு வாசல்லயே ஏத்திக்குவாங்க. எருமைப் பிரச்சனையே இருக்காது."

இத்தனை வருஷமாக நின்ற எருமையை அவன் ஒரே வாக்கியத்தில் ஓட்டிவிட்டான். கௌரிக்குச் சொல்வதற்கு வேறு எதுவும் மிச்சமில்லை. ஒன்றைத் தவிர. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தன் வீட்டுக்காரனிடம்கூட இல்லை. அவள் முழங்கையை மேசையின்மேல் வைத்தாள்.

"இது எருமை பண்ணுனதுன்னு நெனச்சீங்களா தம்பி?"

கோகுல் தழும்பைப் பார்த்தான்.

"அப்ப நான் ஒத்தையிலதான் போவேன். துண்டு வேணும்னான் ஒருத்தன். குடும்பத்தோட வந்தவந்தான், பொண்டாட்டி புள்ளைங்க ஏரியில போட்டிங் போயிருந்தாங்க. உள்ள போனதும் கதவத் தாப்பாப் போட்டான். பாத்ரூம் சன்னல் கண்ணாடிய ஒடச்சுக்கிட்டு வந்தேன். ரத்தத்தோட நேரா உங்கப்பாகிட்டத்தான் ஓடுனேன்."

 வாசலில் நின்ற பாவாயி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா என்ன சொன்னாரு?" என்றான் கோகுல்.

"'கஸ்டமர் பெரிய எடம் கண்ணு. எருமை தொரத்துச்சு, உளுந்துட்டேன்னு சொல்லிரு'ன்னாரு. சொன்னனுங்க. அவனும் மூணு நாளு இருந்துட்டுத்தான் போனான். அன்னையிலிருந்துதானுங்க ரெண்டு சாவி. அது உங்கப்பா போட்ட சட்டமில்ல, நானாப் போட்டது. ஒருத்தி உள்ள இருந்தா இன்னொருத்தி கதவுகிட்ட நிக்கோணும். நிக்கறதும் வேலைதானுங்க. அது உங்க பொட்டியில எந்தக் கட்டத்துல வருதுன்னு சொல்லுங்க!"

கடைசி வார்த்தை கத்தலாகத்தான் வந்தது. வரட்டும். இத்தனை வருஷம் உள்ளே அடக்கி வைத்தது மெதுவாகவா வரும்?

 கோகுல் கணினியைத் தன் பக்கம் இழுத்து எதையெதையோ தட்டினான். பிரித்த கார்டுகளை ஒன்றாக்கினான். "பேர்க் கட்டத்தை ரெண்டாக்கி, எல்லா வேலைக்கும் ரெண்டு ஆள் கட்டாயம்னு வச்சுட்டேன்கா. யாரையும் நிறுத்தலை" என்றான். சிவசக்தி நின்ற இடத்திலேயே அழுதுவிட்டாள்.

 இவ்வளவு நேரம் திட்டிவிட்டோமே, பையன் தங்கம் என்றுகூடக் கௌரிக்கு ஒரு கணம் தோன்றியது.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்குக்கா, அதை நிரப்பாம விடாது" என்றான் கோகுல், தலை நிமிராமல். "ரிப்போர்ட் காட்டேஜ் ஓனர்ங்களுக்கும் போகும். அவங்க மனசு கோணக் கூடாது பாருங்க. அதனால காட்டெருமைன்னு போட்டுக்கலாங்களா?"

கௌரி அவனையே பார்த்தாள். அதே நெற்றி, அதே இதமான குரல். அன்றைக்கு ரத்தம் சொட்ட நின்றபோது எதிரே உட்கார்ந்திருந்தவரும் இப்படித்தான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"அப்பனும் மவனும் அந்த வாயில்லாச் சீவன் மேலயே போடறீங்களே. நான் இந்த மலையிலயே பொறந்தவ. எந்த எருமையும் இன்னைக்கு வரைக்கும் எங்கள்ல ஒருத்தியக்கூடத் தொட்டதில்லீங்க. மனுசன்னு போடுங்க."

"அக்கா..."

"போடுங்க தம்பி. நீங்க போட்டாத்தான் நான் சாவி எடுப்பேன்."

மேசைக்கு முன்னால் அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பாவாயி வந்து அவள் பக்கத்தில் நின்றாள். பிறகு சிவசக்தி. கோகுலின் விரல் கொஞ்ச நேரம் எழுத்துகளின் மேலேயே நின்றது. பிறகு ஒவ்வோர் எழுத்தாக அவன் அந்தச் சொல்லை அடித்து முடிக்கும்வரை கௌரி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அடித்து முடித்ததும் அவள் பலகைக்குப் போய் கரடியூர்ப் பாதை வீட்டுச் சாவிகளை எடுத்தாள். கேட் சாவியைப் பாவாயியிடமும் கதவுச் சாவியைச் சிவசக்தியிடமும் கொடுத்து, "நேரமாச்சு, கெளம்புங்க" என்றாள்.